காப்பி குடித்தவர்களின் சராசரி

மாலைகள் கிடந்தன. என்ஜின்களைக் காணோம்.

1996 ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. தெற்குக் கேரளத்துக் குளத்தூர் பஞ்சாயத்தின் கடலோரத்தில், அந்தோணியார் குருசடிச் சிற்றாலயத்துக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகையின் வாசலில் ஜெஃப்ரின் நின்றான். காலைப் பூசை முடிந்ததும் பங்குப் பாதிரியாரான அச்சன் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்த, படகில் மாட்டும் மூன்று புத்தம்புது வள்ள என்ஜின்களும் அங்கேதான் மரச்சட்டத்தில் மாட்டியிருந்தன. அதில் ஒன்று அவனுடையது. இப்போது மணலில் மூன்று செவ்வந்தி மாலைகள் மட்டும்.

"எனக்க என்ஜினைக் காணோம்!"

கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

குருசடி முற்றத்தில், தென்னை மூட்டில், சாலையோரத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். வாந்தி. பேதி. ஆட்டோ, டெம்போ, மீன் வண்டி என்று கிடைத்ததிலெல்லாம் அவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பூசைக்குப் பிறகு பொதுக்கூடத்தில் எல்லோருக்கும் விருந்து. புட்டு, கடலைக்கறி, பழம், பெரிய செம்பில் காப்பி. அதைத் தின்று எழுந்தவர்கள்தான் இப்படி விழுந்தார்கள்.

முதலில் விழுந்தவர் ததேயூஸ். விழாக் கமிட்டியின் தூண் என்று பெயரெடுத்தவர். "காப்பியில விஷமாக்கும்! ஆரும் குடிக்காதிய!" என்று கூவிக்கொண்டே தரையில் சாய்ந்தார். அவருடைய ஜீப்பை மச்சினன் கொண்டுவந்து நிறுத்த, நாலு பேர் தூக்கிக் கிடத்தினார்கள். வண்டி தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி மார்த்தாண்டத்துக்குப் பறந்தது. செக்போஸ்டில், மூச்சுக்குத் தவிக்கும் ஆளைப் பார்த்து இரக்கப்பட்டுக் கம்பைத் தூக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழத் தொடங்கினார்கள்.

எஸ்.ஐ. அனில் வந்து இறங்கியபோது குருசடி முற்றம் காலி. நெய்யாற்றின்கரைக்காரர். வயது குறைவு. வேகம் அதிகம். நேராக அருகிலிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கடலைக்கறி வைத்த மேரிக்குட்டி வராந்தாவில் பாயில் படுத்திருந்தாள்.

"கறி ஆரு வெச்சா?"

"நானாக்கும் சாரே."

"அடுப்படிக்கு வேற ஆரு வந்தா?"

"ஆரு வரல்ல? அச்சன் வந்தாரு, கமிட்டிக்காரங்க வந்தாங்க, தெருப்பட்டி கூட வந்து மணம் பிடிச்சிட்டுப் போச்சு. ததேயூசு அண்ணன் தேங்கா ஆட்டின வெளிச்செண்ணெய் கொண்டு வந்து, கறி இறக்கினப்பம் அவருக்க கையாலயே ஊத்தினாரு. பச்சை எண்ணெய் ஊத்தினாத்தானே கறிக்கு மணம்."

"கறி நீ தின்னியா?"

"தின்னாமலா இப்பிடிக் கெடக்கேன்? போவும் சாரே, எனக்கு வருது."

அவள் எழுந்து ஓடினாள். அனில் அடுத்த ஆளைப் பார்த்தார். காப்பி போட்ட சத்தியபாய், நோயாளிகளுக்குத் துணையாக வந்திருந்தாள். முக்குச் சந்திப்பில் தேநீர்க்கடை வைத்திருப்பவள். அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் நூறு பேருக்குக் காப்பி போட வேண்டுமென்றால் அந்தக் கரையில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

"எத்தனை செம்பு?"

"ரெண்டு."

"நீ குடிச்சியா?"

"காப்பி போடுறவளுக்குக் குடிக்க நேரம் உண்டா சாரே?"

"போன வாரம் கமிட்டிக்காரங்ககிட்ட என்ன சொன்னே?"

"கடை நிக்கிற இடம் எங்களுக்கு வேணும், இடிக்கப் போறோம்னாங்க. நீங்க நல்லா இருக்க மாட்டியன்னு சொன்னேன். ஆருதான் சொல்ல மாட்டா?"

"இப்பம் அவங்க நல்லா இல்ல."

"நா வாயால சொன்னேன் சாரே. செம்புல சொல்லல்ல."

அனில் அதை ரசிக்கவில்லை. சத்தியபாயின் தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறவன் என்று யாரோ சொன்னார்கள். ஊரைப் படுக்கவைத்தது அக்காள், என்ஜின்களைத் தூக்கியது தம்பி. கணக்கு நேராக வந்தது.

வாசலில் ஜெஃப்ரின் நின்றிருந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"ததேயூசு அண்ணனைத் தூக்கி ஜீப்புல போட்டோம்லா? வலைக் குவியலுக்க மேல கெடத்தினப்பம் என்னமோ கீறிச்சு. அத விடும். எனக்க என்ஜின் எங்க சாரே? கடன் வாங்கிப் போட்டதாக்கும்."

"வரும்" என்றார் அனில். "எடுத்தது ஆருன்னு தெரிஞ்சாச்சு."

•

ஞாயிறு, மாலை ஐந்து மணி.

அதே ஆஸ்பத்திரியின் சமுதாய மருத்துவப் பிரிவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கென்று ஒரு ஏ.சி.யும், அதற்கென்று ஒரு பூட்டும், அதற்கென்று ஒரு ஆளும் உண்டு. அந்த ஆள்தான் ஆன். பக்கத்தூரான கோட்டுகாலில் பிறந்து, புள்ளியியல் படித்து, சில வருடங்கள் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு இங்கே வந்தவள். ஊழியர்கள் எல்லோருக்கும் இன்னும் 'ஆன் டீச்சர்' தான்.

அவளிடம் ஒரு மென்பொருள் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். எதற்குச் சராசரி வேண்டும், ஆட்களை எதன்படி குழுவாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரே வரி தட்டினால் போதும். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், அவர்களுடைய சராசரி என்ன, அந்தச் சராசரியிலிருந்து ஆட்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று வரிசை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திவிடும். நாலு குமாஸ்தாக்கள் ஒரு வாரம் கூட்டிக் கழிக்கிற வேலையை அது மூச்சு விடுகிற நேரத்தில் முடிக்கும். ஆனால் எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. அது ஆனுக்குத் தெரியும்.

பிரிவின் தலைவி டாக்டர் வசுந்தரா சென்னைக்காரர். மதியமே சுறுசுறுப்பாக வேலையை ஆரம்பித்திருந்தார். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நிமிடத்தில் வாந்தி தொடங்கியது என்று கேள்விகளை ஆங்கிலத்தில் தயாரித்துக் கொடுக்க, உள்ளூர் நர்சுகள் அவற்றைப் படுக்கை படுக்கையாகவும் வீடு வீடாகவும் தங்கள் பேச்சில் கேட்டு வந்தார்கள். விருந்துக் கூடத்துக்கு வந்துவிட்டு நோயில்லாமல் இருந்தவர்களையும் விடவில்லை. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டதாகச் சொல்லிக் கட்டிலில் கிடந்த ததேயூஸையும் விடவில்லை.

எல்லாப் பதிலும் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தபோது அனில் உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார்.

"தளர்ந்து போனேன் டீச்சரே. காலையில வீட்டுல காப்பி குடிச்சதாக்கும், ரெண்டு தோசை. பின்னே பச்சைவெள்ளம் எறங்கல்ல. என்ன சொல்லுது உங்க மிஷினு?"

ஆன் ஒரு வரி தட்டினாள். நோய் தொடங்கிய நிமிடங்களின் சராசரி. காப்பிப்படி பிரி, கறிப்படி பிரி.

திரையில் எழுத்துகள் விழுந்தன.

காப்பியும் கறியும் இரண்டும் சாப்பிட்டவர்களில் நோயாளிகள் நாற்பத்தாறு பேர். சராசரி தொண்ணூற்றைந்து நிமிடம். காப்பி குடித்து, கறி தொடாமல் நோயில் விழுந்தவர் ஒரே ஒருவர். ததேயூஸ். புட்டைப் பழத்தோடு பிசைந்து தின்றதாகவும், கறியைத் தொடவே இல்லை என்றும், காப்பி மட்டும் ஒரு கிளாஸ் குடித்ததாகவும் சொல்லியிருந்தார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் விழுந்தவர்.

காப்பி குடிக்காதவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

வசுந்தரா திரையைத் தட்டினார். "தெளிவா இருக்கு. கறியில விஷம்னா, கறியே சாப்பிடாத ததேயூஸ் எப்படி விழுந்தார்? புட்டை எல்லாருமே தின்னாங்க; அதை விட்டா நோயாளிகள் எல்லோருக்கும் பொது காப்பி ஒண்ணுதான்."

"காப்பி குடிச்சும் ஒண்ணும் ஆகாதவங்க பன்னிரண்டு பேர் உண்டு மேடம்" என்றாள் ஆன்.

"செம்பு ரெண்டாச்சே" என்றார் அனில். "ஒண்ணுல மட்டும் கலந்திருப்பா."

அவர் எழுந்துவிட்டார். இருபது நிமிடத்தில் சத்தியபாய் கைதானாள். விருந்து தின்று விழுந்தவர்களில் ஒருவரான கொட்டகை வாட்ச்மேன் அப்புக்குட்டன் இன்னும் ஆபத்தான நிலையில்தான் இருந்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு கொலையாக மாறும். மறுநாள் மூன்று மணிக்கு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஆஜர்படுத்துவதாக ஏற்பாடு.

ஆன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் இருந்த எண்களைப் பார்த்தார்கள். அவள் இல்லாத எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறி உண்டு, காப்பி இல்லை என்ற குழுவே திரையில் வரவில்லை. அப்படி ஒரு ஆள்கூட ஊரில் கிடையாதாம்! அறுபது பேர் உட்கார்ந்த பந்தியில் கைக்குழந்தைக்காரி உண்டு, அல்சர்காரன் உண்டு, காப்பியே பிடிக்காதவன் உண்டு. அவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மட்டும் ஒரே மனதாகக் காப்பி குடித்தார்களா?

நடக்காத காரியம். ஆனால் நர்சுகள் பொய் சொல்லவில்லை. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குப் பொய் தெரியாது.

பிறகு எங்கே பிசகு?

•

திங்கள், காலை எட்டு மணி.

ஆன் வார்டுக்குள் நுழைந்தாள். வாட்ச்மேனின் மனைவி ஓமனக்குட்டி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளும் கறி தின்று விழுந்தவள்தான். இப்போது தேறியிருந்தாள்.

"சேச்சி, நேத்து காப்பி குடிச்சியளா?"

"குடிச்சேன் மக்கா. நேத்தே நர்சுகிட்ட சொன்னேனே."

"பால்காப்பியா, பாலில்லாத கட்டனா?"

ஓமனக்குட்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எனக்குக் காப்பி ஆகாது. பித்தம். நா அத வாயில வெக்கமாட்டேன்."

"இப்பம் குடிச்சேன்னு சொன்னியளே?"

"காப்பி குடிச்சேன். காப்பி குடிக்கல்ல. இதுல என்ன மக்கா சந்தேகம்? நீ கோட்டுகால்காரிதானே?"

ஆன் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். வார்டில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"சேச்சி, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்தக் கரையில் விடிந்ததும் ஒருவரையொருவர் கேட்பது, 'காப்பி குடிச்சாச்சா' என்றுதான். புட்டு தின்றவனும் 'குடிச்சாச்சு' என்பான். தோசை தின்றவனும் அப்படியே. காலை ஆகாரத்துக்கே அங்கே காப்பி என்றுதான் பெயர். கிளாஸில் என்ன இருந்தது, கிளாஸ் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் வேறு விஷயம். சென்னை டாக்டர் ஆங்கிலத்தில் பானத்தை எழுதினார். உள்ளூர் நர்ஸ் அதைக் 'காப்பி குடிச்சியளா' என்று கேட்டாள். உள்ளூர் நோயாளி காலை ஆகாரத்துக்குப் பதில் சொன்னான். மூன்று பேரும் உண்மைதான் பேசினார்கள். மூன்று உண்மையும் சேர்ந்து ஒரு பெண்ணை லாக்கப்பில் உட்காரவைத்திருந்தது.

ஆன் நர்சுகளைக் கூட்டினாள். கேள்வியை மாற்றிக் கொடுத்தாள்.

"காப்பி குடிச்சியளான்னு கேக்கப்பிடாது. செம்புல இருந்து கிளாசுல ஊத்தித் தந்த காப்பி, சத்தியபாய் ஊத்தினது, அது வாய்க்குள்ள போச்சா இல்லியா? அப்பிடிக் கேளுங்க."

"ததேயூசு அண்ணன் வீட்டுலயும் கேக்கணுமா?" என்றாள் ஒரு நர்ஸ். "நேத்தே தெளிவாட்டு சொன்னாரே, ஒரு கிளாஸ் குடிச்சேன், கறி தொடல்லன்னு. நா கேக்காமலே கறியைப் பத்தி ரெண்டு தடவை சொன்னாரு."

"அவருட்ட கட்டாயம் கேக்கணும்" என்றாள் ஆன்.

•

திங்கள், பகல் பன்னிரண்டு.

புதுப் பதில்கள் உள்ளே போயின. வசுந்தரா ஒரு பக்கம், அனில் ஒரு பக்கம். கோர்ட்டுக்குப் புறப்பட வேண்டிய அனில் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சீக்கிரம் டீச்சரே. வண்டியை வெளியில நிப்பாட்டிட்டு வந்திருக்கேன்."

நேற்றுத் தட்டிய அதே வரிதான். காப்பிப்படி பிரி, கறிப்படி பிரி. ஆன் தட்டினாள்.

நேற்று இல்லாத குழு இன்று வந்து நின்றது. கறி உண்டு, காப்பி இல்லை. பதினேழு பேர்! பதினேழு பேரும் நோயாளிகள்.

"மேடம், ரெண்டையும் பாருங்க. கறி தின்னு காப்பியும் குடிச்சவங்க இருபத்தொன்பது பேர். சராசரி தொண்ணூற்றுநாலு நிமிஷம். கறி தின்னு காப்பி தொடாதவங்க பதினேழு பேர். தொண்ணூற்றாறு நிமிஷம். அவங்களுக்குள்ள இருக்க வித்தியாசமும் ரெண்டு குழுவுலயும் ஏறத்தாழ ஒண்ணுதான். காப்பி குடிச்சதும் ஒண்ணு, குடிக்காததும் ஒண்ணு. நேத்து ஒண்ணும் ஆகாத அந்தப் பன்னிரண்டு பேரு பழம் போட்டுப் புட்டு தின்னவங்க. அவங்கள்லயும் முக்காவாசிப் பேரு காப்பி குடிச்சிருக்காங்க. ரெண்டு செம்புலயிருந்தும்."

வசுந்தரா மெல்லத் தலையசைத்தார். முகத்தில் வருத்தமும் இருந்தது, அதைவிடப் பெரிய வியப்பும் இருந்தது.

"அப்ப விஷம் காப்பியில இல்ல. கறியில."

"ஆமா மேடம்."

"ஒரு வார்த்தை..." என்றார் வசுந்தரா. "அந்த வரி வராததை நானும்தான் பார்த்தேன். ஆள் இல்லைன்னு கடந்துட்டேன். நீ 'ஏன் ஆள் இல்லை'ன்னு கேட்டு நின்னே பாரு, அதுதான் உன் சாமர்த்தியம்."

அனில் தொப்பியைக் கழற்றினார். "கறியில கலந்தது ஆரு? மேரிக்குட்டியா? அவளே தின்னு விழுந்தாளே!"

"கடைசி வரியைப் பாருங்க சாரே."

காப்பி உண்டு, கறி இல்லை. ஒரு ஆள். சராசரி முப்பத்தைந்து. பக்கத்தில், விலகல் வரவேண்டிய இடத்தில், எண் இல்லை. ஒரு புள்ளி.

"இதென்ன, மிஷினு கேடு வந்துட்டா?"

"இல்ல சாரே. ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு வித்தியாசப்படுறாங்கன்னு சொல்ல ரெண்டு பேராவது வேணும். ஒரே ஆளுன்னா ஒப்பிட ஆளில்ல. அதனால எண்ணுக்குப் பதிலாட்டு மிஷினு புள்ளி வெக்கும். நேத்தும் இந்தப் புள்ளி இருந்தது. ஆனா நேத்து அது சாட்சியாட்டு தெரிஞ்சுது. கறி தின்னாம விழுந்தாரு, அதனால காப்பிதான்னு நாம எல்லாருமே அந்த ஒரு ஆளை நம்பித்தான் சொன்னோம். இன்னைக்குக் காப்பியில ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டு. இப்பம் சொல்லுங்க. நல்ல காப்பியும் நல்ல பழமும் தின்ன மனுஷனுக்கு எதுக்கு வாந்தி வந்தது?"

அனில் வாட்சை விட்டுவிட்டுத் திரையருகே குனிந்தார்.

"புள்ளி குற்றவாளியைக் காட்டாது சாரே. ஆருகிட்ட போய்க் கேக்கணும்னு மட்டும் காட்டும். வண்டிய எடுங்க. ஜெஃப்ரினையும் வரச்சொல்லுங்க. அவனுக்க கையில இருக்க கீறலை நேத்து வாசல்ல வெச்சு நா பாத்தேன்."

•

ததேயூஸ் கட்டிலில் சாய்ந்து, கையில் பிளாஸ்திரியோடு, இளநீர்க் கரிக்கு குடித்துக்கொண்டிருந்தார். போலீஸைப் பார்த்ததும் முனகல் வந்தது.

"வாரும் சாரே. தளர்ச்சி மாறல்ல."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் அனில்.

"மார்த்தாண்டத்துல ஒண்ணு. ட்ரிப்பு போட்டாங்க."

"பேரு?"

"மயக்கத்துல ஆருக்குப் பேரு தெரியும்?"

"கொண்டு போனது?"

"மச்சினன்."

"மச்சினனுக்குமா மயக்கம்?"

ததேயூஸ் கரிக்கைக் கீழே வைத்தார்.

ஆன் முன்னால் வந்தாள். குரலில் சூடு இல்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்.

"அண்ணே, நீங்க கறி தொடல்ல. அது சத்தியமாக்கும். தொட்டிருந்தா நீங்களும் மத்தவங்க மாதிரி ஒண்ணரை மணிக்கூர் கழிஞ்சுதான் விழுந்திருப்பிய. நீங்க எல்லாருக்கும் மின்ன விழுந்திய. விழுந்தப்பமே காப்பின்னு கூவினிய. நர்சு வந்தப்பம் அவ கேக்காமலே கறியைத் தொடல்லன்னு ரெண்டு தடவை சொன்னிய. கறிப் பக்கம் ஆரும் பாக்கப்பிடாதுன்னு ஆசை. அந்த ஒரு வாக்கை மட்டும் சொல்லாம இருந்திருந்தா, நீங்க நாற்பத்தேழுல ஒண்ணாட்டு கலந்து போயிருப்பிய. ஆராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"நீ என்ன பறையுத?" ததேயூஸ் எழுந்து உட்கார்ந்தார். தளர்ச்சி மாறியிருந்தது. "எனக்கென்ன அந்தக் கறியில காரியம்?"

"கறியில எண்ணெய் ஊத்தினது ஆரு?" என்றார் அனில். மேரிக்குட்டி சொன்னது அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது போல் இருந்தது.

ததேயூஸ் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"பாட்டிலுல மிச்சம் உண்டா? இல்ல, கடல்ல எறிஞ்சாச்சா? இப்பிடி ஊரையே பேதியில தள்ள நேர்வாளக் கொட்டை எண்ணெய்தான் வேணும்; அத எந்த வைத்தியசாலையில வாங்கினதுன்னு நாளைக்குள்ள நா கண்டுபிடிப்பேன்."

அதுவரை வாசலில் நின்ற ஜெஃப்ரினை ஆன் அழைத்தாள். "கையைக் காட்டு."

அவன் துணியை அவிழ்த்தான். உள்ளங்கையில் நீளமாக, அரைவட்டமாக வளைந்த கீறல்.

"வலை கீறினா இப்பிடியா இருக்கும்? நல்லா நெனச்சுப் பாரு. நாலு பேரா இவரைத் தூக்கினிய. ஜீப்புல வலைக் குவியலுக்க மேல கெடத்தினிய. குவியலுக்க அடியில கையைக் குடுத்தப்பம் என்ன தட்டிச்சு?"

ஜெஃப்ரின் தன் கையைப் பார்த்தான். விரல்களால் அந்த வளைவைத் தடவினான். வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வளைவு தெரியும்.

"பிரொப்பல்லரு! எலே... எனக்க என்ஜினாலே எனக்க கையைக் கீறினது?"

"ஆமா. எல்லாரும் இவரைச் சுத்தி நின்னப்பம் மச்சினன் பின்பக்கம் கொட்டகையில இருந்து மூணையும் ஏத்தி வலையைப் போட்டு மூடிட்டான். அதுக்க மேல இவரைத் தூக்கி வெச்சது நீங்க. செக்போஸ்டுல நோயாளியைக் கெளப்பிப் பாக்க ஆருக்கு மனசு வரும்? அதுக்குப் பெறவு ஊரே விழுந்து கெடக்கும்போது கொட்டகையைப் பாக்க ஆரு உண்டு?"

"எலே ததேயூசு!" ஜெஃப்ரின் பாய்ந்தான். அனில் இடையில் விழுந்து பிடித்தார். "பிள்ளைய கூட தின்ன கறியாக்கும்லே அது! உன்னையா நாங்க தோளுல தூக்கினோம்?"

ததேயூஸ் சுவரைப் பார்த்தார்.

"வயித்தாலே போவும்னு மட்டும்தான் நெனச்சேன்" என்றார் கடைசியில். "ஆருக்கும் உயிருக்கு ஆபத்து வரும்னு..."

"அதைக் கோர்ட்டுல சொல்லு" என்றார் அனில். "உன் பேருல இன்னைக்கு மூணு மணிக்கு இடம் உண்டு."

எல்லைக்கு அப்பால், மச்சினனின் கயிற்றுக் கிடங்கில், தேங்காய்த் தொண்டுக் குவியலுக்கு அடியில் மூன்று என்ஜின்களும் கிடைத்தன. அப்புக்குட்டன் அன்று பிற்பகல் கண் திறந்தார்.

•

ஸ்டேஷனில் சத்தியபாய் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆனும் அனிலும் உள்ளே வந்தபோது எழுந்திருக்கவில்லை. நடந்ததை ஆன் சொன்னாள். வராத வரியைச் சொன்னாள். கடைசிப் புள்ளியைச் சொன்னாள். அனில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் கழிஞ்சுது அக்கா" என்றாள் ஆன். "அந்தத் திரையில அவன் மட்டும் ஒத்தைக்கு நின்னான். அதுல பிடிச்சாச்சு."

சத்தியபாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அவனா ஒத்தைக்கு நின்னான்? நேத்து முதல் நானாக்கும் மக்கா ஒத்தைக்கு இருந்தேன். எனக்க கடையில நித்தம் வந்து இருக்கியவங்க ஒருத்தரு கூட இந்தப் படி ஏறல்ல. உனக்க மிஷினுல அதுக்கும் ஒரு புள்ளி உண்டா?"

அத்தனை பேரை அத்தனை குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆன், முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சத்தியபாய், ஜீப்புல வீட்டுல கொண்டு விடுறேன்" என்றார் அனில். "மாப்பு. எனக்குத் தப்பு பற்றிப்போச்சு."

"மாப்பு இருக்கட்டும் சாரே. ஜீப்பு வேண்டாம்."

"மூணு கிலோமீட்டர் உண்டு."

"இருக்கட்டும். போலீசு வண்டியில போனதை ஊரு பாத்தது. போலீசு வண்டியில திரும்பி வந்தா என்ன ஏதுன்னு ஆருக்குத் தெரியும்? சந்தை வழியா நடந்து போறேன். நா நடந்து போறத எல்லாரும் பாக்கட்டு."

படி இறங்கினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சந்தை கூடுகிற நேரம். மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். சத்தியபாய் ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல், சாலையின் நடுவே நடந்தாள்.

ஆன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள்.